பைப் வேலை முடிந்தது, பணம்தான் வரவில்லை: கோவை பிளம்பருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கோவை சரவணம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பிளம்பர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 36. பத்தாவதில் தவறியதும் மாமாவிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து தொழில் கற்றவர். ஆறு வருடமாகத் தனியாக லேபர் காண்ட்ராக்ட் எடுக்கிறார், கூட நான்கு பேர். வேலையில் முக்கால்வாசி ஒரே பில்டரிடம். ஒரு பாத்ரூமுக்கு லேபர் 7,000 ரூபாய், மெட்டீரியல் பில்டருடையது. பில்லில் 20 சதவீதத்தைப் பிடித்து வைத்து, வீடுகளை ஒப்படைத்த பிறகு தருவதாகப் பேச்சு. காகிதத்தில் எதுவும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் முடித்த சைட்டில் 55,000, எட்டு மாதத்துக்கு முன் முடித்ததில் 85,000 நிற்கிறது. கேட்டால் "மூணாவது மாடியில லீக்கேஜ் இருக்கு, அதைச் சரி பண்ணின செலவைக் கழிக்கணும்" என்கிறார் பில்டர். கண்ணாடி அலமாரி மாட்ட வந்த கார்பென்டர் பைப்பில் டிரில் போட்டதுதான் அந்த லீக்கேஜ் என்கிறார் இவர்.

அதோடு விடவில்லை. அடுத்த சைட்டுக்கு ஜிஎஸ்டி நம்பர் எடுக்காவிட்டால் 18 சதவீதம் பிடிப்பேன் என்று பில்டர் சொல்லியிருக்கிறாராம். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஹெல்ப்பர் சுவரில் காடி வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து, இரண்டரை மாதம் வீட்டில் இருந்திருக்கிறான். இவர் 22,000 கொடுத்தார், பையன் வீட்டில் மீதியும் கேட்கிறார்கள். வடமாநில ஆட்கள் வந்து ரேட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பாரா. கத்தாரில் இருக்கும் மைத்துனர் வரச் சொல்கிறார் என்று கடைசியில் ஒரு வரி. இடையில், பேச்சுவாக்கில், அபார்ட்மெண்ட்களில் செப்டிக் டேங்க் அடைப்பு எடுத்தால் தனியாக 3,000 கிடைக்கும், "ஹெல்ப்பர் ஒருத்தன் இறங்கிடுவான்" என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, கடிதம் முழுக்க நீங்கள் உங்களை ஒரு தொழிலாளியாகவே பார்க்கிறீர்கள். பில்டருக்கு முன்னால் அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு பேருக்கு முன்னால் சட்டப்படி நீங்கள் முதலாளி. கூலி கொடுப்பவர், வேலை சொல்பவர், எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள்தான். உங்கள் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது, அந்தப் பதில் உங்களுக்கு அவ்வளவு பிடிக்காது.

முதலில் உங்கள் ரேட்டைப் பார்ப்போம். மாதம் 45,000 நிற்கிறது என்று நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களே கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பாத்ரூமுக்கு நீங்களும் ஒரு ஹெல்ப்பரும் மொத்தமாக மூன்றரை நாள். ஹெல்ப்பருக்கு நாளுக்கு 800 வீதம் 2,800. பெட்ரோல், கட்டிங் பிளேடு, டீ, டிபன் என்று ஒரு 500. மீதி 3,700, அதாவது உங்களுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1,057. உங்கள் பகுதியில் கூலிக்குப் போகும் பிளம்பருக்கே 1,200 தருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 20 சதவீதம், அதாவது 1,400, வராமல் போனால் மிஞ்சுவது 2,300, நாளுக்கு 657. உங்கள் ஹெல்ப்பரை விடக் குறைவான கூலிக்கு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள், காண்ட்ராக்டர் என்ற பெயரோடு. பில்டர் பிடித்து வைத்திருப்பதை நீங்கள் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது உங்கள் கூலி.

அவர் ஏன் பிடித்து வைக்கிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீடு கட்டி விற்பவர்களுக்கான ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வேலையில் குறை தெரிந்தால் பில்டர்தான் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். அந்தப் பயத்தைத்தான் உங்கள் 20 சதவீதத்தின் தலையில் கட்டியிருக்கிறார். கொஞ்சம் பிடித்து வைப்பதில் தப்பில்லை, எல்லாத் தொழிலிலும் உண்டு. எவ்வளவு, எத்தனை மாதம், எந்தக் குறைக்கு என்று எழுதாமல் பிடிப்பதுதான் பிரச்சினை.

நிற்கும் பணம்

போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. பில்லில் பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை இழுப்பது சிவில் பாக்கி. ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசினால் பயந்து கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள், அவருக்கும் வக்கீல் இருக்கிறார்.

செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். நான்கு வருடத்து 55,000 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் "அந்த பழைய பாக்கி அடுத்த மாசம் முடிச்சிடறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கெடு முடியும் முன் கடனை எழுத்தில், கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். வாட்ஸ்அப் மெசேஜ் கையெழுத்திட்ட ஒப்புதலுக்குச் சமமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சண்டை போடும். நாமும் போடலாம். அதனால் அதை உறுதியான பணமாக எண்ணாதீர்கள், ஆனால் அந்த ஒரு வரிக்காக இப்போது இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். எலக்ட்ரானிக் ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்க ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், மூல போன் கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

85,000 விஷயம் உயிரோடு இருக்கிறது. முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பதில் வராவிட்டால் நேரே வழக்கு என்று ஓடாமல், கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசமானால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வரவே மறுத்தால் சிவில் வழக்கு, தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், 2017 வரை ஏழரையாக இருந்தது. 85,000க்கு 2,550 ரூபாய். கட்டணத்தை விட உங்களைச் சோர்வடையச் செய்வது காலம்தான், அதனால்தான் சமரசத்தை முதலில் சொல்கிறேன். 70,000க்கு அவர் இறங்கி வந்தால், என்னைக் கேட்டால், வாங்கிக்கொள்ளுங்கள்.

லீக்கேஜ் பழியை எப்படி எதிர்ப்பது? சுவரை மூடும் முன் எல்லா முனையிலும் எண்ட் கேப் அடித்து, பம்ப் வைத்துப் பிரஷர் டெஸ்ட் எடுத்திருப்பீர்கள். அதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இனிமேல் இப்படிச் செய்யுங்கள்: சுவரில் பிளாட் நம்பரைச் சாக்பீஸில் எழுதி, பிரஷர் காட்டும் கேஜ் முள்ளும் அந்த நம்பரும் சேர்ந்து தெரிகிற மாதிரி சாயங்காலம் ஒரு போட்டோ, மறுநாள் காலை முள் இறங்காமல் நிற்கும்போது இன்னொரு போட்டோ. இரண்டையும் சைட் இன்ஜினியருக்கு அனுப்பி "பி பிளாக் 304 டெஸ்ட் ஓகே, மூடலாமா சார்" என்று கேளுங்கள். அவர் ஒரு கட்டைவிரல் காட்டினால் போதும். அதற்குப் பிறகு டைல்ஸ்காரரோ கார்பென்டரோ பைப்பில் ஓட்டை போட்டால், அது உங்களுக்குப் பின்னால் வந்தவர் வேலை என்று காட்ட முடியும். பைப் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று டேப் பிடித்து ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்பிவிட்டால், டிரில் போடும் முன் பார்க்காதது யார் தப்பு என்ற கேள்வியும் அவர்கள் பக்கம் போய்விடும். இப்போதைய தகராறில், மாற்றிய அந்தப் பைப் துண்டையும் டிரில் ஓட்டையையும் யாராவது போட்டோ எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சரி செய்யப் போன உங்கள் ஆளே எடுத்திருக்கலாம்.

18 சதவீதம் என்ற மிரட்டல்

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உங்கள் வரவு 11 லட்சம், அதிலும் பாதிக்கு மேல் ஆட்கள் கூலியாகப் போகிறது. பதிவு இல்லாதவரின் பில்லில் 18 சதவீதம் பிடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அவர் வேண்டுமானால் நம்பர் உள்ள ஆளைத் தேடலாம், அது அவர் வியாபாரம். உங்கள் கூலியைக் குறைக்க அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே "டேக்ஸ்" என்று 2 சதவீதம் பிடிக்கிறார் என்கிறீர்களே, அது வேறு, டிடிஎஸ், பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி. ஒரு பில் 30,000 ரூபாயையோ வருட மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால் பிடிக்கலாம், ஆனால் பான் கொடுத்த தனிநபருக்கு 1 சதவீதம்தான். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் நம்பரில் நுழைந்து படிவம் 26ஏஎஸ் பாருங்கள். பிடித்ததை அவர் அரசுக்குக் கட்டியிருந்தால் அங்கே தெரியும். கட்டியிருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை, உங்களுடையது அதற்கெல்லாம் வெகு கீழே. கட்டவே இல்லையென்றால், அதையும் நோட்டீஸில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம், பல நேரம் 85,000ஐ விட அந்தப் பத்திதான் வேலை செய்கிறது.

ஜிஎஸ்டி வேண்டாம், ஆனால் சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்யுங்கள். இலவசம், ஆதாரும் பானும் போதும். குறுந்தொழிலாகப் பதிவு செய்த பிறகு எடுக்கும் வேலைக்கு, ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி. கோவையிலேயே இதற்கான வசதியாக்கல் மன்றம் இருக்கிறது. மெட்டீரியலோடு சேர்த்து எடுக்கும் காண்ட்ராக்டுக்கு இது பொருந்துமா என்பதில் வழக்குச் சிக்கல் உண்டு, உங்களுடையது வெறும் லேபர் என்பதால் நிலைமை தேவலாம். பழைய பாக்கிக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கை முறிந்த பையன்

"மனிதாபிமானத்தில் 22,000 கொடுத்தேன், இன்னும் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது உங்கள் மனிதாபிமானத்தை நம்பி இல்லை. வேலையின்போது அடிபட்டவருக்கு இழப்பீடு தருவது 1923லேயே சட்டமான பொறுப்பு. அந்தப் பழைய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியுடையது. அதோடு, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஒவ்வொரு அரை மாதத்துக்கும் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 2020 அறிவிப்பின்படி உச்சவரம்பு 15,000, ஆக அரை மாதத்துக்கு 3,750, இரண்டரை மாதத்துக்கு 18,750. மணிக்கட்டு பழையபடி திரும்பாமல் நிரந்தரக் குறையாக நின்றுவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு, பெரிய தொகையாகவும் போகலாம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் அவன் மனு போடலாம், ஆகவே "அஞ்சு மாசம் ஆச்சு, விட்டுடுவாங்க" என்ற நினைப்பு வேண்டாம்.

ஆனால் இதில் நீங்கள் தனியாள் இல்லை. கட்டடம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட பில்டர், அந்த வேலையில் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டரிடம் விட்டால், காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் பில்டரிடம் நேரடியாக இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு அவர் உங்களிடம் வசூலிக்கப் பார்ப்பார் என்பதையும் மறக்காதீர்கள். பையன் வீட்டாரோடு சண்டை போடுவதை விட, பில்களை வாங்கி, உங்களால் முடிந்த தவணையைச் சொல்லி, கொடுப்பதை எல்லாம் வங்கி வழியாகவே கொடுத்து, பில்டரையும் பங்கு கேளுங்கள்.

அடுத்து, நலவாரியம் கொத்தனார், சித்தாளுக்குத்தான் என்று எழுதியிருந்தீர்கள். தவறு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் தொடங்கியது, அதன் பட்டியலில் பிளம்பரும் உண்டு. 18 முதல் 60 வயது வரை யாரும் பதியலாம். பிள்ளைகள் படிப்பு உதவி, விபத்து உதவி, 60 வயதில் ஓய்வூதியம் எல்லாம் அதில் வரும். பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டடச் செலவில் 1 சதவீதம் இதற்காக வசூலாகிறது, நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு அபார்ட்மெண்டிலும் அது கட்டப்பட்டிருக்கும், உங்களில் யாரும் பதியாததால் உங்களுக்கு வந்து சேரவில்லை. ஐந்து பேரும் பதியுங்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 2 லட்சம் வரை. முதலாளியின் இழப்பீட்டுப் பொறுப்பையே ஏற்கும் பாலிசிகளைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன, நான்கு பேருக்கு என்ன பிரீமியம் என்று விசாரித்து, அந்தத் தொகையைப் பாத்ரூம் ரேட்டில் ஏற்றுங்கள்.

தொட்டி வேலை

இதை இன்றோடு நிறுத்துங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஒருவரை இறக்குவது குற்றம். இறக்கச் சொன்ன அபார்ட்மெண்ட் அசோசியேஷனும் இறக்கிய நீங்களும் இரண்டு பேருமே மாட்டுவீர்கள். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத பிரிவு. உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. 3,000 ரூபாய்க்கு நீங்கள் எடுக்கும் ஆபத்து இது.

"நாத்தம் கம்மியா இருந்தா இறங்கலாம்" என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. முதல் ஆள் மயங்கி விழ, தூக்கப் போன இரண்டாவது ஆளும் சேர்ந்து சாகிற செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை: நான்கு பேரில் எப்போதும் இறங்குவது யார், ஏன் அவர்? பட்டியல் சாதிப் பையன் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரலாம். அடைப்பு என்று கூப்பிட்டால் வெளியிலிருந்து ராடு விட்டு எடுக்கக்கூடியதை எடுங்கள், தொட்டி என்றால் லாரி வைத்து உறிஞ்சும் ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். 14420 என்ற எண்ணும் இதற்காகவே இருக்கிறது.

ரேட்டைக் கெடுத்தது யார்

வடமாநில ஆட்கள் மேல் கோபம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் ஒடிசாவில் கேந்திரபாரா மாவட்டம், பட்டாமுண்டைப் பக்கம் பிளம்பிங் என்பது அப்பா, பிள்ளை என்று தலைமுறையாக வரும் தொழில். அங்கே இதற்கென்றே அரசு பயிற்சி நிறுவனம் இருக்கிறது, டெல்லி முதல் பெங்களூரு வரை பெரிய கட்டடங்களில் அவர்கள்தான். அவர்களை வேலை தெரியாத கூட்டம் என்று நினைத்து ரேட் பேசப் போனால் நீங்கள்தான் ஏமாறுவீர்கள். என் கண்ணுக்குத் தெரியும் காரணம் வேறு. உங்கள் மாமா காலத்தில் ஜிஐ பைப், அதாவது இரும்புக் குழாய். வைஸில் பிடித்து, டை வைத்து மரை போடத் தெரிந்தவன்தான் பிளம்பர், அதற்கே இரண்டு வருடம் ஆகும். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் வந்த பிறகு கட்டரும் சொல்யூஷன் டப்பாவும் இருந்தால் யாரும் எல்போ ஒட்டலாம். புதுக் கட்டடத்தில் பைப் ஒட்டும் வேலைக்கு இனி ரேட் பெரிதாக ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. டிரைனேஜ் வாட்டம் பார்ப்பது, டைல்ஸை உடைக்காமல் லீக்கேஜ் கண்டுபிடிப்பது, பிரஷர் பம்ப், பழைய அபார்ட்மெண்டில் மேல் தொட்டியிலிருந்து மாடிக்கு மாடி தண்ணீர் இறங்கி வரும் டவுன்டேக் பைப்பை மாற்றுவது, இதற்குத்தான் ஆள் இல்லை. வேலை முடிந்த அன்றே ஜிபேயில் பணமும் வரும்.

அதனால் அந்த பில்டரைக் கோபத்தில் ஒரேயடியாக விட வேண்டாம், முக்கால்வாசியைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்த சைட்டுக்கு ஒரு பக்கத் தாளாவது வாங்குங்கள்: பிடித்தம் 5 அல்லது 10 சதவீதம், வேலை முடித்து ஆறு மாதத்தில் விடுவிப்பு, டெஸ்ட் எடுத்து மூடிய பிறகு மற்றவர் போடும் ஓட்டைக்கு நான் பொறுப்பல்ல. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையே மெசேஜாக அனுப்பி "நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறேன்" என்று எழுதுங்கள். மீதி நேரத்தில் நாலைந்து அபார்ட்மெண்ட் அசோசியேஷன்களிடம் வருடப் பராமரிப்பு பேசுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப்பில் சேர்ந்தால் ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே கட்டும், கமிஷனும் ரேட்டிங்கும் அவர்கள் கையில், காலியாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வாங்க மத்திய அரசின் விஸ்வகர்மா கடன் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள், அதன் 18 தொழில் பட்டியலில் கொத்தனார் இருக்கிறார், பிளம்பர் இல்லை. முத்ரா கடனுக்கு உங்கள் வங்கியில் கேளுங்கள், ஈடு தேவையில்லை, உத்யம் சான்று அங்கேயும் உதவும்.

கத்தார் பற்றி. பத்தாவது தேறாததால் உங்கள் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற நிபந்தனை இருக்கும், அதாவது இசிஆர். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று மைத்துனரே சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள ஏஜென்ட்டா என்று பாருங்கள், கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையில் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. போவதாக முடிவு செய்தாலும் நோட்டீஸை முதலில் அனுப்பிவிட்டு, வழக்கு நடத்த மனைவிக்கோ தம்பிக்கோ பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடித்துத் திரும்பி வரும்போது அந்த 85,000க்கு நான்கு மாதம்தான் மீதி இருக்கும்.